பத்து தெத்ரி

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
ஏறுவதற்குப் பத்து தெத்ரி.
இறங்குவது இலவசம்.
அந்தக் கட்டடத்தில் இறங்குவது மட்டும்
எப்போதுமே இலவசம்.

கோச்சாதான் நாணயத்தில் துளை போட்டான்,
அப்பாவுக்குத் தெரியாமல், அவருடைய கருவியில்,
மின்சாரம் இருந்த ஏதோவொரு செவ்வாய்க்கிழமை.
நெஸ்தான் தன் பச்சை ஸ்வெட்டரின் கையிலிருந்து
நூல் உருவிக் கட்டினாள்.
இழுப்பது என் வேலை:
காசை உள்ளே விட்டு, பெட்டி ‘க்ளக்’ என்றதும்
வெடுக்கென்று இழுக்க வேண்டும்.
மீன் கடித்தது போலிருக்கும் விரலில்.
அந்த ஒற்றைக் காசில்
ஒரு குளிர்காலம் முழுக்க
ஒன்பதாம் மாடிக்குப் போய்வந்தோம்.

திபிலிசி, க்ல்தானி, இரண்டாயிரத்து ஒன்று.
மூவருக்கும் பதினாறு
(நெஸ்தானுக்கு இரண்டு மாதம் குறைவு,
அதை அவளை மறக்கவிட்டதேயில்லை).

பிப்ரவரியில் ஒரு மாலை
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கரண்ட் போனது.
கையைக் கையே காணாத இருட்டு.
மண்ணெண்ணெய் வாடை,
எந்த வீட்டிலோ தீய்ந்த வெங்காயம்,
கோச்சாவின் ஈர ஷூ.
அவனிடம் ஏழு தீக்குச்சிகள் இருந்தன.
எரியும்போது உண்மை மட்டும்தான் பேசணும் என்றான்.

ஒரு குச்சி எரியும் நேரத்தில்
எவ்வளவு உண்மை சொல்லிவிட முடியும்?
என் அப்பாவும் அம்மாவும் பேசி
இரண்டு வருஷம் ஆகிறது என்றேன்.
இயற்பியல் தாளை வெள்ளையாகவே கொடுத்தேன்
என்றான் கோச்சா.
நான் இங்கிருந்து போய்விடுவேன்,
நீங்கள் கோபப்படக் கூடாது
என்றாள் நெஸ்தான்.
விரல் சுட்டு அணைந்தது.
என் இடது தோளில் அவள் தோள்.

அந்தச் சூட்டை
இருபத்துநான்கு வருஷம்
அதே இடத்தில் வைத்திருந்தேன்,
கணவன் வந்தான், போனான்,
தோள்பட்டை ஒருமுறை எலும்பு விலகிச் சரியானது,
சூடு நகரவில்லை.

போன ஞாயிறு
தெசலோனிக்கியிலிருந்து அவளே கூப்பிட்டாள்.
மருந்துக்கடையில் கூட்டமில்லையாம்.
பேச்சு எங்கெங்கோ போய் லிஃப்டுக்கு வந்தது.
‘நான் உள்ளே இல்லையே, மாக்வாலா.’
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
‘அன்றைக்கு உங்கள் மேல் கோபம். படியேறிப் போனேன்.
உங்கள் குரல் கேட்டதும்
ஏழாம் மாடிக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன்,
நாலு மணி நேரம்.
இடுக்கு வழியாகத் தீக்குச்சி வாசம் வரும்போதெல்லாம்
என் முறையென்று நினைத்துக்கொண்டு
நானும் ஒன்று சொல்வேன், சத்தமாக.’

கோபம் எதற்கு என்று கேட்டேன்.
அது நினைவில்லை என்றாள்.

கோச்சாவைப் பிடித்தேன்.
லுப்ளினுக்கு முன்னால் எங்கோ
லாரியை ஓரங்கட்டி நின்றிருந்தான்.
‘எந்த லிஃப்ட்?’
கொஞ்ச நேரம் மழைத்தண்டின் சத்தம்.
‘ஓ, அன்றைக்கா. சூரியகாந்தி விதை தின்றோமே.
தொலியெல்லாம் என் பையில்தான் துப்பினாய் நீ.’
தீக்குச்சியா? அவன் எப்போதும் லைட்டர்தானாம்.

என்னிடம் விதையே இல்லை.
ஒன்றுகூட.

அப்படியானால் அந்தத் தோள்?
தகரச் சுவராக இருக்கலாம்.
இரண்டு உடம்பின் சூட்டை நாலு மணி நேரம் வாங்கிய தகரம்
கொஞ்சம் திருப்பித் தந்திருக்கலாம்.
அப்படித்தான் என்று வைத்துக்கொண்டேன்,
ஒரு திங்கள், ஒரு செவ்வாய்.
புதன் காலை தோள் பழையபடி அவளுடையதாகிவிட்டது.

துளைபோட்ட காசு என்னிடம் இல்லை.
நெஸ்தானிடம் இருக்கும் என்கிறான் கோச்சா.
நீதானே வைத்திருந்தாய் என்கிறாள் அவள்.

லிஃப்ட் இப்போது புதிது. கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.
அட்டையைக் காட்டினால் போதும்.
காய்கறிப் பையோடு ஏறுகிறேன்,
நாலு, ஐந்து,
ஆறைத் தாண்டும்போது
கால் தானாகவே வலப்பக்கம் ஒதுங்குகிறது.
எட்டாம் மாடி பிட்ஸினா
நேற்று கேட்டே விட்டார்:
‘யாருக்கம்மா இடம் விடுகிறீர்கள்?’