புள்ளி ஏழு

முதலில் விரலைச் சொல்லிவிடுகிறேன்.
வலக்கை நடுவிரல், நகத்துக்குச் சற்றுக் கீழே,
பாதிப் பட்டாணி அளவில் ஒரு காய்ப்பு.
மணிக்கு நூற்றைம்பது கொருனா கூலிக்கு
அடுத்தவருக்காகக் குறிப்பெடுத்ததில்
நான் சேர்த்த சொத்து.

க்விடோவுக்குக் காது கேட்காது.
சைகை மொழிபெயர்ப்பவரின் கைகளை விட்டு
அவன் கண்ணை எடுக்க முடியாது.
எடுத்தால் ஒரு வாக்கியம் போய்விடும்.
ஆகவே அவன் பார்க்கிறான், நான் எழுதுகிறேன்.
பாலங்கள், பளு, விரிசல்.
பேராசிரியர் நெக்வாடல் கரும்பலகையில்
போட்டதை அழிப்பார், அழித்ததைப் போடுவார்.
பேனா இங்கே கதைக்கு ஆகாது.

பிப்ரவரி. பர்னோவில் சேறாகிவிட்ட பனி.
டிராம் நிறுத்தத்துக்கு எதிரே அந்தக் கடை.
ஸ்டிபோர் என்று சட்டையில் பெயர் குத்தியவன்
ரொட்டியை மென்றுகொண்டே
பழைய ரசீது ஒன்றைத் திருப்பி நீட்டினான்:
எழுதிப் பாருங்கள்.
எது நல்லது என்றேன்.
எல்லாமே எழுதும் என்றான்.

முழுக்க இரும்பில் ஒன்று. எண்ணூற்றுத் தொண்ணூறு.
எடுத்ததும் கை பணக்காரக் கையானது.
நாலாவது வரியில்
யாரோ என் மணிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.
ஆறு மணி நேரக் கூலி அது, வைத்துவிட்டேன்.
மெதுவாக வைத்தேன், அடிபட்டால் நம் தலையில் விழும்.

புள்ளி மூன்றில் ஒன்று, கொசுவின் கால் போல.
அழுத்தி எழுதுகிறவள் நான்.
'பளு' என்பதில் ஒடிந்தது,
'விரிசல்' என்பதில் இன்னொரு முறை.

ரப்பர் பிடி போட்டது சுகமாகத்தான் இருந்தது.
ஆனால் போன வருடமும் இப்படித்தான் ஒன்று
மே மாதம் வருவதற்குள் சப்பிய மிட்டாய் மாதிரி ஆகி
பையிலிருந்த நூல், தூசு, ரொட்டித் துகள்
எல்லாவற்றையும் தத்தெடுத்துக்கொண்டது.

கடைசியில், ஓரத்து டப்பாவில், சாம்பல் நிறம்.
மூன்று பட்டை உடல். புள்ளி ஏழு முனை. அறுபத்தைந்து கொருனா.
ரசீதின் மிச்ச வெள்ளை முழுவதும் எழுதிவிட்டேன்,
என்ன எழுதினேன் என்று தெரியாமல்.
விரல் எங்கே இருக்கிறது என்றே நினைவில்லை.
ஒரே குறை, அழுத்தினால்
டக்
என்கிறது. ஸ்டிபோர் மெல்லுவதை நிறுத்தி
நிமிர்ந்து பார்க்கிற அளவுக்கு.

செவ்வாய்க்கிழமை. இருநூறு பேர் உட்காரும் கூடம்.
உலோகமும் களைக்கும் என்றார் நெக்வாடல்.
ஒரே பாரமல்ல, திரும்பத் திரும்ப வரும்
சின்னச் சின்ன பாரம்தான் ஆளைத் தின்னும்.
(ஆளை என்றா சொன்னார்? என் தாளில் அப்படித்தான் இருக்கிறது.)
டக். டக்.
முன்வரிசைப் பெண் திரும்பினாள்.
டக்.
இன்னொருத்தியும் திரும்பினாள்.
இடைவேளைக்குப் பிறகு
இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தேன்.

வகுப்பு முடிந்ததும் வந்தான் க்விடோ.
என் தாளின் ஓரத்தில் எழுதினான்: ஏன் நகர்ந்தாய்?
சத்தம் என்று எழுதி, பென்சிலைக் காட்டினேன்.
திருப்பிக் கொடுத்துவிடப் போகிறேன்.

அவன் சிரித்தான். உள்ளங்கையை மேசையில் பதித்தான்.
என்னை அழுத்தச் சொல்லி ஜாடை காட்டினான்.
அழுத்தினேன்.
தலையை ஆட்டினான்.
பிறகு அவசரக் கையெழுத்தில்:
புதுத் தலைப்பு வந்தால் நீ இரண்டு தரம் அழுத்துகிறாய்.
மேசை வழியாக வருகிறது.
அப்போதுதான் நான் பலகையைப் பார்ப்பேன்.
பழைய பென்சில் எனக்கு ஒன்றுமே சொன்னதில்லை.

நான் இரண்டு தரம் அழுத்துவது
அதுவரை எனக்கே தெரியாது.

சனிக்கிழமை மறுபடி அந்தக் கடை.
சத்தம் போடுகிறதா, மாற்றித் தரவா? என்றான் ஸ்டிபோர்.
வேண்டாம், இன்னும் இரண்டு கொடு என்றேன்.
கூடவே ஒரு டப்பி ஊசி, ஹெச்பி.
மொத்தம் நூற்று அறுபத்தைந்து.
ஒரு மணிக் கூலிக்குப் பதினைந்து அதிகம்,
டிராம் ஏறாமல் நடந்தால் சரியாகிவிடும்.

காய்ப்பு இன்னும் அங்கேயேதான்.
இப்போதெல்லாம்
பென்சிலின் தட்டைப் பக்கம் அதன்மேல்
சும்மா சாய்ந்துகொள்கிறது.