விழும் காட்சி

தாலின் நகரம். கோப்லி டிராமில் கடைசிக்கு முந்தைய நிறுத்தம்,
பழைய கயிற்று ஆலையின் இரண்டாம் மாடி.
பஞ்சு ஒட்டிய இதே அறைக்குள்
இருபத்தாறு வருடம் முன்பு நான் இளவரசி.

அப்போது எனக்கு அம்மா கிடையாது.
படத்தில் சொல்கிறேன்.
பெயர்கள் ஓடி முடிவதற்குள் செத்துவிடுவாள்,
சுவரில் ஓவியமாக, கழுத்தில் பதக்கமாக மிஞ்சுவாள்.
அப்பா குதிரையேறி எங்கோ போவார்.
நிஜமான அம்மா அன்று கீழே, சேறும் பனியுமான வாசலில்
என் கையுறையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

இப்போது ஐம்பத்தொன்று. குரல் தடித்துவிட்டது.
"மாற்றாந்தாய் வேடம், மாரிகா. வசனம் அதிகம், காசும் அதிகம்"
என்றான் ஊர்மாஸ்.
எங்கள் மொழியில் அந்தச் சொல்லைப் பிரித்தால்
அந்நியத்தாய் என்று வரும்.
இளவரசி யார் என்று கேட்டேன்.
இல்லாத இருமலை இருமினான்.

த்ரீனு. என் மகள். பத்தொன்பது வயது.
மூன்று வாரமாக என்னோடு பேசாதவள்.
தார்த்துவில் ஓர் அறை, கூட யார் என்று நான் கேட்டது,
கேட்ட விதம்,
அவள் பெயருக்கு வந்த உறையை நான் பிரித்தது.

ஆறு வயதில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்வி கேட்பாள்:
"இவளோட அம்மா எங்க?"
செத்துட்டாங்க.
"இவளோட அம்மா?"
அவங்களும்தான்.
ஒரு மாதம் என் இரவு உடையின் ஓரத்தை
விரலில் சுற்றிக்கொண்டே தூங்கினாள்.

திரையில் மணிக்கட்டைவிடக் கண் அகலமான பெண்.
அந்த இடுப்புக்குள் கல்லீரலை எங்கே வைத்தார்களோ.
வீட்டைவிட்டுப் போக ஆசைப்படுகிறாள்;
அதற்கு வீட்டில் ஒரு கொடியவள் தேவைப்படுகிறாள்.
"உனக்காகக் காத்திருப்பேன்" என்கிறாள் மூலத்தில்.
எங்கள் இலக்கணத்தில் எதிர்காலம் இல்லை.
"காத்திருக்கிறேன்" என்றாள் த்ரீனு,
மிச்சமிருந்த வாயசைவை மூச்சால் நிரப்பினாள்.
நன்றாகச் செய்கிறாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் முறை.
"இந்தக் கதவைத் தாண்டினால் நீ என் மகளே இல்லை."
ஒரே டேக்கில் ஓகே.
வீட்டில் நான் சொன்னது இதைவிடச் சின்ன வாக்கியம்:
சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போ.

பிறகு கோபுரம், மின்னல், விழும் காட்சி.
யாரும் தள்ளுவதில்லை. கல் தானாகவே வழுக்கும்.
நல்ல பெண்ணின் கைகள் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா.
ஏழு நொடி அலறல்,
தூரம் கூடக்கூடத் தேய வேண்டும்.
முதல் டேக்கில் மூச்சு போதவில்லை.
இரண்டாவதில் நான் விழுந்த மாதிரி இல்லை,
பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி இருந்தது.
மூன்றாவதில் எதையோ நினைத்துக்கொண்டேன்.
அதைச் சொல்ல மாட்டேன்.

திரையில் அவள் ஏற்கனவே திரும்பிவிட்டாள்,
இளவரசன் பக்கம், எங்களுக்கு முதுகு.
அந்த இடத்தில் அவளுக்கு வசனம் எழுதவில்லை.
பக்கத்து மைக்கில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா" என்றாள் த்ரீனு.

மூலச்சொல்லில் முன்னால் ஒட்டியிருக்கும் அந்நியத்தைக் காணோம்.

ஊர்மாஸ் நிறுத்தினான். "ஸ்கிரிப்டில் இல்லையே."
"தெரியும்."
"வாயசைவு?"
"முதுகைக் காட்டிட்டு நிக்கிறா. உதட்டை யாரு பார்த்தா?"

விநியோகஸ்தர் அந்தச் சொல்லை வெட்டலாம்.
வெட்டினால் தியேட்டரில் குழந்தைகள்
காற்றின் சத்தத்தை மட்டும் கேட்பார்கள்,
தலைகீழாக விழுகிறவளுக்குக் கைதட்டுவார்கள்.

திரும்பும் டிராமில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தாள்.
தொப்பிக்கு வெளியே காது சிவந்திருந்தது.
இறங்குமுன் கம்பியைப் பிடித்தபடி
"சனிக்கிழமை வர்றேன்" என்றாள், ஜன்னலைப் பார்த்து.

இங்கே கதைகளை இப்படித்தான் முடிப்போம்:
இறந்துபோகவில்லை என்றால் இன்னும் வாழ்கிறார்கள்.
இன்று செவ்வாய்.
உறையை ஒட்டிப் பார்த்தேன். பிரித்தது தெரிகிறது.