பத்து மணி

சம்மாந்துறை வட்டையில்
காலை பத்துக்கு நெல் வாய் திறக்கும்.
ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான்.
பிறகு உமி மூடிக்கொள்ளும்
ஒன்றும் நடவாதது போல.

அதற்குள்
குளத்தோரச் சகதியில் தானாய் முளைத்த காட்டு நெல்லின் மகரந்தம்
கேட்காமல் வந்துவிட்டுப் போகிறது.
வரம்பு எனக்கும் சாமித்தம்பிக்கும் போட்டது.
காற்றுக்கு யார் சொன்னது?

விதைநெல்லுக்கென்று கொடுத்த மூடைகளைத்
திருப்பி ஏற்றச் சொல்லிவிட்டா
பரிசோதிக்க வந்த யசோதினி.
அரைக் கிலோவில் ஏழு சிவப்பு.
உள்ளங்கையில் வைத்துக் காட்டினா.
உரித்தால்தான் தெரிகிறது.
உமியோடு பார்த்தால்
எல்லாம் என் வீட்டுப் பிள்ளைகள்.

முப்பது வருசம் களை பிடுங்கினேன்.
வால் நீண்டதை,
தாள் சிவந்ததை,
கூட்டத்தில் நெடுத்து நின்றதை.
என் நெல்லைப்போல் நின்றதை மட்டும் விட்டேன்.
விட்டது உதிர்ந்தது, உதிர்ந்தது முளைத்தது.
பாதி முகம் மகரந்தம் கொடுத்தது.
மீதியைத் திருத்தித் திருத்தி எழுதியது
இந்தக் கைதான்.

தை வெள்ளம் ஒன்பது நாள் நின்றது.
வடிந்தபோது வரவை முழுக்க அழுகல் வாடை.
வக்கடைப் பக்கம் மட்டும்
நாலைந்து தாள், சேறு பூசியபடி, நிமிர்ந்து.
குனிந்தேன்.
அடியில் சிவப்பு.

இது அதுவா, நம்மடையா,
வெள்ளத்தில் மூச்சுப் பிடிக்க
யாரிடம் யார் படித்தது?

பிடுங்கப் போன கை
தாளைப் பிடித்தபடியே இருக்கிறது.
கதிர் ஒன்று வெளித்தள்ளியிருக்கிறது.
வெயில் ஏறுகிறது.
பத்தாகப் போகிறது.