ஒரு பனை உயரம்

சீனன்குடாவில் விடிய இன்னும் ஒரு மணித்தியாலம்.
பலூனுக்கு வாயு நிரப்புகிறேன்.
நிஸ்தார் போனில்: பிள்ளைக்கு நெற்றி கொதிக்குது,
உள்ளங்கால் ஐஸ்.
ஐஸா?
ஐஸ்தான் ஃபஸ்லூனா, தொட்டால் கை விறைக்குது.

கயிற்றை விட்டேன்.
கிண்ணியாப் பக்கத்து விளக்குகளுக்கு மேலால்
வெள்ளையாய் ஏறிப் போனது.
முப்பது கிலோமீற்றரில் வெடித்துவிடும்.
அதற்கும் மேலே நடப்பதை
அடுத்தவர் அளந்த எண்களில்தான் படிக்கிறேன்:

நம் புகை கீழே போர்வை.
மேலே, காற்று மெலிந்த இடத்தில், அதே புகை
சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது.
அங்கே குளிர்.
குளிர்ந்து, சுருங்கி,
வருடத்துக்கு ஒரு பனை உயரம்
வானம் இறங்கி வருகிறதாம்.
செத்த செய்மதிகளைப் பிடித்திழுக்க
அங்கே காற்றுக்குப் பலமில்லை;
முன்னைவிட நெடுநாள் சுற்றும்.

இங்கே கடல் இந்நேரத்திலும் வெதுவெதுப்பு.
புறாத்தீவில் பவளம் மறுபடி வெளுத்திருக்கிறது.

கோணமலைக்கு மேல் ஒரு புள்ளி நகர்கிறது.
குப்பையோ என்னவோ.
விழவில்லை.

திரையில் முதல் எண்கள் வரத் தொடங்க
ஒரு கையால் எழுதுகிறேன்,
மறு கையில் போன்:
காலுறை போடு. நெற்றிக்கு ஈரத்துணி.
இரண்டையும் செய்.