இரண்டு சாட்சிகள்

லார்னகா நகராட்சி, மூன்றாம் மாடி.
காத்திருக்க ஒரே ஒரு பெஞ்சு.
திருமணம் ஒன்றுக்கு இருபது நிமிடம்,
கட்டணம் முன்பணம், ரசீது உண்டு.
எந்தக் கடவுள் என்று கேட்க
எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
அந்த இல்லாத கட்டத்துக்காகத்தான்
கடல் தாண்டி வருகிறார்கள்.

பெய்ரூத்திலிருந்து நிஸார், ரூலா.
அவன் துரூஸ், அவள் மாரோனைட்.
அங்கே ஒவ்வொரு சபைக்கும் ஒரு சட்டம்.
இரண்டு சட்டத்துக்கும் நடுவில் விழுந்தவர்கள்
விமானச் சீட்டு வாங்க வேண்டியதுதான்.

ஹைஃபாவிலிருந்து அலீனா, எய்தான்.
அவளைப் பெற்றவள் யூதப் பெண்தானா என்று
ஒடெசாவின் பழுப்புக் காகிதங்களை
மூன்று ரப்பிகள் புரட்டிப் பார்த்து
இல்லை என்று எழுதிக் கொடுத்தார்களாம்.
ராணுவத்தில் சேர்த்துக்கொண்ட அன்று
அவள் தாயைப் பற்றி
ஒருவரும் கேட்கவில்லையாம்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார்.
பூசாரியே விட்டாலும்
இருக்கவே இருக்கிறேன் நான்,
அந்த்ரூலா, பதிவு எழுத்தர்,
இழுப்பறையில் முத்திரையோடு.

(எங்கள் தீவை மெச்ச வேண்டாம்.
என் விவாகரத்தை ஆயர் அலுவலகம்
நான்கு வருடம் மேசையில் வைத்திருந்தது.
நிக்கோசியாவில் நான் வளர்ந்த தெரு
ஒரு ரொட்டிக்கடை வரைக்கும் போய்
மணல் மூட்டையில் முட்டி நின்றுவிடும்.)

ஒரே பெஞ்சின் இரு முனையில்
இரண்டு ஜோடி.
நடுவில் ஒரு பூச்செண்டு, யாருடையதோ.
எங்கிருந்து என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.
பேச்சின் சாயலிலேயே தெரிந்திருக்கும்.

நிஸாரின் நண்பர்கள் வரவில்லை.
வானம் மூடியிருக்கிறது, விமானம் ரத்து.
மேகம் அல்ல காரணம்.
சாட்சிக்கு இருந்தவர் விடுதியின் கார் ஓட்டுநர் மட்டும்.
இரண்டு பேர் வேண்டும் என்றேன்.
விதி என்னுடையதல்ல, ஆனால்
சொல்கிற வாய் என்னுடையது.

அலீனா எழுந்தாள்.
"நான் போடட்டுமா?"
மேசையில் இருந்த என் பேனாவை எடுத்து
மூடியைக் கூடக் கழற்றிவிட்டாள்.

ரூலா அவளைப் பார்க்கவில்லை,
மடியில் இருந்த நீல நிறப் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள்.
எதிரி நாட்டாரோடு தொடர்பு குற்றம் என்கிறது
அவர்கள் சட்டம்.
கையெழுத்தும் தொடர்புதான்.
பெய்ரூத் விமான நிலையத்தில்
ஓர் அதிகாரி அந்தப் பெயரை
எழுத்துக் கூட்டிப் படிப்பதை
அவள் அதற்குள் கேட்டுவிட்டாள் போல.
"நன்றி. முடியாது" என்றாள்,
தரையைப் பார்த்து.

பேனாவை மூடிய சத்தம் கேட்டது.
கோபமில்லாத சத்தம்.
அதுதான் என்னவோ செய்தது.

மதகுருமாரிடமிருந்து தப்பி வந்த இருவர்
அரசாங்கத்தின் காலில் தடுக்கி விழுவதை
இருபத்தொரு வருட வேலையில்
இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

மின்தூக்கி பழுதுபார்க்க வந்திருந்த
பனிக்கோஸைக் கூப்பிட்டேன்.
கையைத் துடைத்துக்கொண்டுதான் வந்தான்,
இருந்தாலும் சான்றிதழின் ஓரத்தில்
பெருவிரலளவு எண்ணெய்.
கறை பட்ட தாளை மாற்ற வேண்டும் என்று விதி.
மாற்றவில்லை.

உறுதிமொழி சொல்லும்போது
ரூலாவின் கொண்டை சரிந்தது.
பெஞ்சிலிருந்து ஒரு கை
கொண்டை ஊசி ஒன்றை
பூச்செண்டின் பக்கத்தில் வைத்துவிட்டு
எடுத்துக்கொண்டது தன்னை.
ரூலா திரும்பாமலே துழாவி
அதை எடுத்துச் செருகிக்கொண்டாள்.
படிவத்தில் இதற்கும் கட்டம் இல்லை.

பிறகு அடுத்த இருபது நிமிடம்.
எய்தானுக்குக் குரல் கம்மியது,
அலீனா சிரித்தாள், முத்திரை குத்தினேன்.

பிள்ளை பிறந்தால்
அப்பாவின் சபைக் கணக்கில்தான் எழுதுவார்கள்
என்றான் நிஸார், நகலுக்குக் காத்திருந்தபோது.
யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.
பெஞ்சில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

மின்தூக்கி இன்னும் சரியாகவில்லை.
நான்கு பேரும் படிகளில்தான் இறங்கினார்கள்.
முதலில் இவர்கள்.
பத்துப் படி விட்டு
அவர்கள்.