புள்ளிக்குப் பிறகு

ஐயாயிரம் மீட்டர் உயரத்தில்
முதலில் போவது மூச்சு அல்ல, சொல்.
இரவுப் பணியில் எலிசெயோ
மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு
அரை வார்த்தை தட்டிவிட்டு அப்படியே நிற்பான்,
சாவிக்குச் சட்டைப்பையைத் தடவுகிறவன் போல.

அதனால்தான் என்னிடம் வந்தது வேலை.
கீழே கலாமா நகரம், ஜூலைக் குளிர்,
கால்மாட்டில் மண்ணெண்ணெய்க் கணப்பு.
"பைத்தானுக்கு இருக்கிறதே, அதை
ஃபோர்த்துக்கும் செய்து கொடு.
நான் தொடங்கினால் மிச்சத்தை அது சொல்லட்டும்."
பத்து நாள் போதும் என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

அந்த லைப்ரரியை எழுதியவர்கள்
ஒரு புள்ளியை நம்பியிருந்தார்கள்.
பெயர், பெயருக்குப் பின் புள்ளி,
புள்ளி வைத்ததும் கதவு திறக்கும்,
உள்ளே இருப்பவர்கள் வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள்.

ஃபோர்த்தில் புள்ளியே ஒரு சொல்.
அடுக்கின் உச்சியில் இருக்கும் எண்ணை எடுத்துத்
திரையில் எழுதிவிட்டுத் தூக்கி எறிகிற சொல்.
நான் வைத்த முதல் புள்ளிக்கு
எழுநூற்றுப் பன்னிரண்டு பரிந்துரைகள் கொட்டின,
மூட்டை அவிழ்ந்த பயறாக.
எண்டர் தட்டினேன். இருந்த ஒரே எண்ணும் போயிற்று.

ஆச்சரியக்குறியைக் கண்ட இடமெல்லாம்
வெட்டிப்போட்டது பழைய பகுப்பான்.
இங்கே அதற்கு "வை" என்று பொருள்.
மின்னஞ்சல் முகவரியின் நடுச் சுழிக்கு "எடு".
இடைவெளி ஒன்றுதான் வேலி.
இரண்டு என்ற எண்ணுக்கு மூன்று என்று
பொருள் வைத்தாலும் கேட்பாரில்லை.

அதையும் சமாளித்தேன். சமாளிக்க முடியாதது இது:
பொருள்கள் முதலில், வினை கடைசியில்.
கோணம், வேகம், திருப்பு.
யார் என்று தெரிந்தால் என்ன செய்வார் என ஊகிக்கலாம்.
இங்கே யாருமே இல்லை.
பேருந்து நிலையத்தில் ஒன்றின் மேல் ஒன்றாய்ப் பெட்டிகள்,
எடுத்துப்போக யார் வருவார் என்று தெரியாமல்.

எந்தச் சொல் எத்தனை பெட்டி எடுக்கும், எத்தனை வைக்கும்
என்பதை ஓசோர்னோக்காரி இர்ம்கார்ட்
தொண்ணூற்று நான்கிலேயே
அடைப்புக்குறிக்குள் குறித்து வைத்திருந்தாள், ஒன்றுவிடாமல்.
அதைப் படிக்க லைப்ரரிக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
பத்தொன்பதாம் நாள் பட்டியல் சுருங்கி
ஆறு, நாலு என்று அழகாக வந்தது.

"காற்று" என்றொரு சொல்:
புயலென்றால் தட்டை வானம் பார்க்க நிறுத்துவது.
ஒன்றும் எடுக்காது என்றது குறிப்பு.
மாதிரி ஓட்டத்தில் அது
அடியில் கிடந்த எண்ணை எடுத்துக்கொண்டு
தரையைப் பார்த்துக் குனிந்தது.

தொலைபேசியில் இர்ம்கார்ட் சிரித்தாள்.
பின்னால் நாய் குரைத்தது, குழாயில் தண்ணீர் ஓடியது.
"ஒரு புயல் இரவில்தான் அதை மாற்றினேன்.
நிரலை மாற்ற நேரம் இருந்தது,
குறிப்பை மாற்ற இல்லை.
இன்னும் அப்படியேவா இருக்கிறது?"

பிறகு குறிப்புகளை நம்பவில்லை.
ஒவ்வொரு சொல்லின் வயிற்றையும் திறந்து எண்ணினேன்.
கிளை பிரிந்து, ஒரு வழியில் இரண்டும்
மறுவழியில் மூன்றுமாய் மிஞ்சும் இடங்களில்
பட்டியல் வராது என்று எழுதினேன்.
அந்த ஒரு வரிக்கு நான்கு நாள்.

முதல் இரவு, மூன்றே கால் மணி.
அவன் திரையை இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அரை வார்த்தை. பட்டியல் இல்லை.
"உன் சாமான் வேலை செய்யவில்லை."
"அங்கே எத்தனை எண் இருக்கிறதென்று
அதற்குத் தெரியவில்லை, எலிசெயோ.
எனக்கும் தெரியவில்லை."

குழாயை இழுத்து மூச்சு வாங்குவது கேட்டது.
அரை வார்த்தையை அழித்தான்.
பிறகு, இடைவெளி விட்டு விட்டு,
மூன்று புள்ளிகள்.

யோசிக்கிறான் என்று நினைத்தேன்.
இல்லை,
அடுக்கைக் காலி செய்துகொண்டிருந்தான்.