எட்டு நொடி

நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு வரிகள்.
எல்லாமே 'வேண்டும்' என்று முடிகின்றன.
திரும்ப வேண்டும். தாங்க வேண்டும்.
மைனஸ் ஐம்பத்து நாலிலும் விழித்திருக்க வேண்டும்.
கட்டளையா, ஆசையா, மன்றாட்டா என்று
ஆவணம் கேட்பதில்லை.
பதினெட்டு வருடமாக எனக்கு
வேறொரு வினைமுற்று வாய்க்கவில்லை.

லின்ஷெப்பிங்கில் நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
நிறுத்தத்தில் என் சைக்கிளும்
பின்விளக்கை அணைக்க மறந்த யாருடையதோ ஒன்றும்.

ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு தாய்வரி,
அதற்கும் மேலே ஒன்று,
உச்சியில் அமைச்சகத்தின் முத்திரை.
6.3.41க்கு மட்டும் யாருமில்லை.
மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டுகிறது:
அநாதை.

'தொடர்பு அறுந்தால்
எட்டு நொடி காத்திருக்க வேண்டும்;
அதன் பிறகே தானாக இலக்கை நோக்கி...'

எட்டு எதற்கு, என்றான் ரூனே.
எட்டு நொடியில் அது இரண்டு கிலோமீட்டர் போய்விடும்.
ஒன்று போதும் என்கிறார் வாடிக்கையாளர்.
தூக்கிவிடு.

முதல் பதிப்பின் ஓரத்தில் ஒரு பெயர் இருந்தது:
எஸ். ஹெட்லுண்ட்.
ஓலண்ட் தீவில் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்,
தொலைபேசி முழுக்கக் காற்று.
"எட்டா?"
வெகுநேரம் கழித்து:
"அப்போதைய சிமுலேட்டர் அணைந்து எழ
எட்டு நொடி பிடிக்கும்.
அதனால் இருக்கலாம்."
சிரித்தார். கூழாங்கல்லில் படகு உரசியது.

கருணை என்று நினைத்துத்தான்
கூப்பிட்டிருந்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் கேபிளை உருவினோம்.
ஒன்று.
இலவங்கப்பட்டை ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள் இங்கேயெர்ட்.
மூன்று.
குளிர்விசிறி. அடக்கிய தும்மல்.
ஐந்து.
திரையில் இலக்கு ஒரு பச்சைச் சதுரம்,
நாங்களே வரைந்தது, அதற்குள் எதுவுமில்லை
என்று எனக்குத் தெரியும்.
ஆறு.
தெரியும்.
ஏழில் என் கை, என்னைக் கேட்காமல்,
கேபிளைச் செருகியிருந்தது.

'செல்லாத சோதனை' என்று பதிந்தாள் இங்கேயெர்ட்,
என்னைப் பார்க்காமல்.
மறுபடி செய்தோம். இம்முறை கைகளைச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தேறியது.

மாலை. 'காரணம்' என்ற கட்டம் காலி.
'பாதுகாப்பு' என்று எழுதி அழித்தேன்.
'மரபு', அழித்தேன்.
'மனம் மாறுவதற்கு',
அளக்க முறையில்லை, தணிக்கையில் நிற்காது.
கடைசியில்,
'ஒரு கை கேபிளைச் சென்றடையும் நேரம்:
ஏழு நொடி. அளந்தது.
மிச்சம்: ஒன்று.'

தாய்வரிக் கட்டம் பெயரை ஏற்காது,
எண்தான் கேட்கும்.
என் பணியாளர் எண்ணை இட்டேன்.

சிவப்பு போயிற்று.
திங்கட்கிழமை ரூனே கண்டுபிடிப்பான்.
கீழே, அந்த இன்னொரு சைக்கிளின் விளக்கு
மங்கி, இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
கையுறையைக் கழற்றி
அணைத்துவிட்டு வந்தேன்.